அல்சர் ஆபரேஷன்... ஓட்டையை அடைச்சாச்சு, புண் ஆறிடுச்சா?

உங்கள் வீட்டிலோ, சொந்தத்திலோ எழுபது வயதைத் தாண்டிய தாத்தா, பெரியப்பா யாராவது சட்டை இல்லாமல் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? நெஞ்சுக்குழிக்குக் கீழே ஆரம்பித்து தொப்புள் வரைக்கும் நேர்க்கோடாக ஒரு தழும்பு இருக்கும். கேட்டால், "அது அந்தக் காலத்துல அல்சருக்குக் கிழிச்சதுப்பா" என்று சாதாரணமாகச் சொல்வார்.

என் பெரியப்பாவுக்கு அப்படி ஒரு தழும்பு இருந்தது. எழுபதுகளின் கடைசியில் செய்த ஆபரேஷன். கல்யாண வீடுகளில் அவர் பாயசத்தை ஆசையாகக் குடிப்பார். குடித்து இருபது நிமிஷம்கூட ஆகாது. முகமெல்லாம் வியர்த்து, படபடப்பு வந்து, பந்திக்குப் பக்கத்திலேயே ஒரு பாயைத் தேடிப் படுத்துவிடுவார். "பெரியப்பாவுக்குப் பாயச மயக்கம்" என்று நாங்கள் சிரிப்போம். அது மயக்கமும் இல்லை, சோம்பலும் இல்லை. அந்த ஆபரேஷனின் பின்விளைவு, அதற்கு ஒரு பெயர்கூட உண்டு என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அதை எண்ணி இப்போதும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

உங்கள் வயதுக்காரர்களிடம் இந்தத் தழும்பு அநேகமாக இருக்காது. அல்சருக்காக இரைப்பையை வெட்டி எடுப்பது இப்போது மிகவும் அரிது. ஆனால், நடு ராத்திரியில் அல்சர் வெடித்து ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள், அதற்குப் பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும், முக்கியமாக அந்த ஆபரேஷன் எதைச் சரிசெய்வதில்லை என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

எது அல்சர்?

நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், வாய்வு, காலையில் சாப்பிடாததால் வருகிற கபகபப்பு... நம் ஊரில் இது எல்லாமே 'அல்சர்'தான். உண்மையான அல்சர் என்பது இரைப்பையின் உள்சுவரிலோ, அதற்கு அடுத்து வரும் முன்சிறுகுடலின் சுவரிலோ குழியாக விழுகிற புண். மேல்தோலில் ஏற்படும் சிராய்ப்பு போல இல்லாமல், சுவரின் உள்ளடுக்குகளுக்குள் இறங்கிய பள்ளம். நம் வீட்டுப் பெரியவர்கள் இதைக் 'குடல் புண்' என்று சொல்வதைப் படித்தவர்கள் திருத்துவது உண்டு. திருத்தத் தேவையில்லை. தென்னிந்தியாவில் நீண்டகாலமாக டாக்டர்கள் அதிகம் பார்த்தது முன்சிறுகுடலில் வரும் புண்தான். பாட்டி சொன்னது சரி.

காரம் சாப்பிட்டால் அல்சர் வரும், வேளைக்குச் சாப்பிடாவிட்டால் அல்சர் வரும் என்பவை மட்டும் சரியில்லை. இருக்கிற புண்ணைக் காரம் எரிய வைக்கலாம். பசி நேரத்தில் வலி தெரியலாம். ஆனால், புண்ணை உண்டாக்குகிறவை பெரும்பாலும் இரண்டே. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. சுருக்கமாக ஹெச்.பைலோரி. இரண்டு, ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரியான வலி மாத்திரைகள். இவற்றோடு சிகரெட்டும் சேர்ந்தால் புண் ஆறுவதும் தாமதமாகும், வெடிக்கும் வாய்ப்பும் கூடும்.

இந்தப் பாக்டீரியா கதை தெரியாத காலத்தில் டாக்டர்கள் என்ன செய்தார்கள்? வெட்டினார்கள்.

எவரெஸ்ட்டிலிருந்து நெய்யூருக்கு

1881 ஜனவரி 29. வியன்னாவில் தியோடர் பில்ரோத் என்ற சர்ஜன், இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியைச் சிறுகுடலோடு தைத்தார். நோயாளி 43 வயதுப் பெண். அவருக்கு இருந்தது புற்றுநோய். ஆபரேஷனைத் தாங்கிப் பிழைத்த அவர், புற்றுநோய் திரும்பியதால் சுமார் நான்கு மாதங்களில் இறந்துபோனார். ஆனாலும், இரைப்பையில் ஒரு பகுதி இல்லாமலும் மனிதரால் சாப்பிட முடியும் என்பது நிரூபணமானது. அதே வருடம் நவம்பரில் போலந்து சர்ஜன் லுட்விக் ரிடிகியர் இதே மாதிரியான ஆபரேஷனை அல்சருக்காகச் செய்தார். அல்சர் ஆபரேஷன் என்ற அத்தியாயம் அங்கேதான் ஆரம்பம்.

அந்த அத்தியாயத்தில் நம் ஊருக்கும் ஒரு பக்கம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரைத் தெரியுமா? அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன பிரிட்டிஷ் குழுவில் ஒருவர் ஹோவர்டு சாமர்வெல். தொழில், சர்ஜன். மலையிலிருந்து இறங்கியதும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரே ஒரு சர்ஜன். வெளியே காத்திருக்கும் கூட்டமோ முடிவில்லாதது. பார்த்தவர், இங்கேயே வேலைக்கு வந்துவிடுவது என்று தீர்மானித்தார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட்டுக்குப் போய் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் 28,000 அடி வரை ஏறிவிட்டு, மறுபடி நெய்யூருக்கே திரும்பினார். அங்கே இருபது வருடங்களுக்கு மேல் இருந்தார்.

நெய்யூரில் அவர் முன்னால் வந்து நின்ற கூட்டத்தில் அல்சர்காரர்கள் ஏராளம். மரவள்ளிக்கிழங்கும் அரிசியுமே பிரதான உணவாக இருந்த ஏழைகள். புண் ஆறி, மறுபடி வந்து, மறுபடி ஆறி, தழும்பு இறுகி, இரைப்பையின் வாயே அடைத்துக்கொண்ட நிலையில் வருவார்கள். சாப்பிட்டது உள்ளே போகாது. எலும்பும் தோலுமாக இருப்பார்கள். சாமர்வெல்லும் அவருடன் இருந்த டாக்டர் ஆரும் இந்த அனுபவத்தைத் திரட்டி 1936-ல் பிரிட்டிஷ் சர்ஜரி இதழில் ஒரு நீண்ட கட்டுரையாகவே எழுதினார்கள். அவர்கள் அதிகம் செய்தது பைபாஸ் மாதிரியான ஆபரேஷன். அடைத்துப்போன வாயைத் தொடாமல், இரைப்பையில் வேறொரு இடத்தில் வழி திறந்து அதைச் சிறுகுடலோடு நேரடியாக இணைத்துவிடுவது. இதய பைபாஸ் என்ற வார்த்தையை உலகம் கேள்விப்படும் முன்பே குமரி மாவட்டத்துக் கூலித் தொழிலாளிக்கு வயிற்றில் பைபாஸ் நடந்திருக்கிறது!

1943-ல் சிகாகோவில் லெஸ்டர் டிராக்ஸ்டெட் வேறு வழியில் யோசித்தார். அமிலம்தான் பிரச்னை என்றால், அமிலம் சுரக்கச் சொல்கிற நரம்பை வெட்டினால் என்ன? மூளையிலிருந்து இரைப்பைக்கு வரும் வேகஸ் நரம்பை வெட்டினார். அமிலம் குறைந்தது. கூடவே, இரைப்பை தானாகச் சுருங்கி உணவைத் தள்ளும் வேலையும் மந்தமானது. அதனால், நரம்பை வெட்டினால் வடிகால் வழியையும் பெரிதாக்க வேண்டும் என்றானது. நாற்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை உலகம் முழுக்க சர்ஜன்கள் செய்தது இந்த மூன்றின் கலவைகளைத்தான். கொஞ்சம் வெட்டு, கொஞ்சம் நரம்பு, கொஞ்சம் பைபாஸ். என் பெரியப்பாவுக்கு நடந்ததும் அதில் ஒன்று.

இவை மோசமான ஆபரேஷன்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பல வருட வலியிலிருந்து எத்தனையோ பேரைக் காப்பாற்றியவை. ஆனால், புண் வந்த காரணத்தை விட்டுவிட்டு, புண் இருக்கும் இடத்தை மட்டும் மாற்றி அமைத்தவை.

குடித்துக் காட்டிய டாக்டர்

1982, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம். நோய்க்குறியியல் டாக்டர் ராபின் வாரன், நோயாளிகளின் இரைப்பைத் திசுவில் சுருள் வடிவ பாக்டீரியாக்களைத் தொடர்ந்து பார்த்து வந்தார். பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்தார். இருவரும் அந்தக் கிருமியை ஆய்வகத்தில் வளர்க்க முயன்றார்கள், வளரவே இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டைத் தூக்கிப் போடுவது வழக்கம். அந்த வருடம் ஈஸ்டர் விடுமுறை வந்தது. தட்டு ஐந்து நாள் அப்படியே கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால், கிருமி வளர்ந்திருக்கிறது! லீவு விட்டதால் நடந்த நல்லவற்றில் இதை முதலில் வைக்கலாம்.

ஆனால், அமிலம் கொதிக்கிற இரைப்பையில் பாக்டீரியா எப்படி வாழும் என்று பலரும் நம்ப மறுத்தார்கள். 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாள்களில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம். எண்டோஸ்கோபி செய்து பார்த்தால், முன்பு நன்றாக இருந்த அவருடைய இரைப்பை இப்போது அழற்சியோடு இருந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கு நடுவே 1976-ல் சிமெட்டிடின், 1988-ல் ஒமிப்ரசோல் என்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. அவை புண்ணை ஆற்றின. நிறுத்தினால் புண் திரும்பியது. அதோடு ஆன்டிபயாட்டிக் சேர்ந்தபோதுதான் புண் திரும்பி வருவது நின்றது. இரைப்பையை வெட்டித் தீர்க்கப் பார்த்த நோய், இரண்டு வார மாத்திரையில் தீரும் நோயாக மாறியது. நீங்கள் தழும்பில்லாத தலைமுறை ஆனதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் இப்போது யாருக்கு ஆபரேஷன்?

மூன்று சூழ்நிலைகள். புண் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால், புண்ணிலிருந்து ரத்தம் நிற்காமல் போனால், பாதை அடைத்துக்கொண்டால். கடைசி இரண்டையும் பிறகு சொல்கிறேன். முதலாவதைப் பற்றி நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது வரும் விதமே ஏமாற்று.

புண் ஆழமாகிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் சுவர் முழுக்க ஓட்டை விழுந்துவிடும். இரைப்பை அமிலம் வயிற்று அறைக்குள் கொட்டும். வலி படிப்படியாக வராது. "சரியா பத்தே காலுக்கு கத்தியால குத்துன மாதிரி இருந்துச்சு" என்று நேரம் குறிப்பிட்டுச் சொல்லும் அளவுக்கு திடீரென்று வரும். சிலருக்குத் தோள்பட்டையிலும் வலிக்கும். வயிறு பலகை மாதிரி கெட்டியாகிவிடும். சிறுநீரகக் கல் வலியில் மனிதர் உருளுவார், புரளுவார். இதில் அசையவே மாட்டார். இருமினால்கூட உயிர் போகும்.

இனிதான் அந்த ஏமாற்று. சில மணி நேரம் கழித்து வலி குறையும். வயிற்று உறை எரிச்சலில் நீரைச் சுரந்து அமிலத்தை நீர்க்கச் செய்வதால் வருகிற தற்காலிக ஆறுதல் அது. அதற்குள் ஒரு ஊசியோ, ஜெலுசிலோ, சோடாவோ எடுத்திருந்தால், "பார்த்தியா, கேஸ்தான்" என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். உள்ளே கிருமிகள் பெருகிக்கொண்டிருக்கும். அடுத்து வருவது வயிற்று உறை முழுக்க சீழ், காய்ச்சல், வயிறு உப்புதல், ரத்த அழுத்தம் இறங்குதல். 'தானா சரியாயிடுச்சு' என்று வீட்டிலேயே இருந்துவிட்ட அந்தச் சில மணி நேரம்தான் பலருடைய தலையெழுத்தை மாற்றுகிறது.

நேரத்துக்கு இங்கே என்ன விலை என்று டென்மார்க்கில் கணக்கிட்டிருக்கிறார்கள். அல்சர் வெடித்து ஆபரேஷன் செய்துகொண்ட 2,668 பேரைப் பற்றி 2013-ல் வெளியான ஆய்வு அது. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு ஆபரேஷன் தள்ளிப்போன ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு 2.4 சதவிகிதம் குறைந்தது. கவனியுங்கள், இது ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த பிறகான கணக்கு. வீட்டில் போன நேரம் தனி.

எனவே, திடீர் வயிற்று வலியும் கெட்டியான வயிறும் சேர்ந்து இருந்தால் சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். சர்ஜன் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

தியேட்டருக்குள் என்ன நடக்கும்?

நேராக நிற்கவைத்தோ, உட்காரவைத்தோ ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். ஓட்டை வழியே வெளியேறிய காற்று, உதரவிதானத்துக்குக் கீழே பிறை நிலா மாதிரி தெரியும். எல்லோருக்கும் அது தெரிந்துவிடாது. சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன்.

ஆபரேஷன் கேட்பதற்கு ஆச்சர்யமாக எளிமையானது. நம் குடலுக்கு முன்னால் ஏப்ரன் கட்டிய மாதிரி ஒரு கொழுப்புப் படலம் தொங்குகிறது. டாக்டர்கள் அதை ஒமென்டம் என்பார்கள். அதில் ஒரு பகுதியை இழுத்து ஓட்டையின் மேல் வைத்து, சில தையல்களால் பிடித்துக் கட்டிவிடுவார்கள். டயர் பஞ்சருக்கு ஒட்டுப் போடுவது போலத்தான். 1937-ல் கனடாவின் டொரன்டோவில் ராஸ்கோ கிரகாம் இந்த முறையை விவரித்து எழுதினார். இன்றும் 'கிரகாம் பேட்ச்' என்றே பெயர். புண்ணின் விளிம்புகளை இழுத்துத் தைத்தால், நைந்துபோன சுவர் மேலும் கிழியும். ரத்த ஓட்டமுள்ள கொழுப்பை வைத்து அடைத்தால் அது அங்கேயே ஒட்டி வளரும். பிறகு, லிட்டர் கணக்கில் வெதுவெதுப்பான சலைன் ஊற்றி வயிற்று அறையைக் கழுவுவார்கள். பாதி வேலை அந்தக் கழுவல்தான்.

இதை லேப்ராஸ்கோப்பி மூலமாகச் சிறிய துளைகள் போட்டும் செய்யலாம். நேரம் சற்று அதிகம், வலி குறைவு. நோயாளி ரொம்ப மோசமான நிலையில் இருந்தாலோ, ஓட்டை பெரிதாக இருந்தாலோ திறந்தே செய்வார்கள். இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பது இப்போது ஓட்டை ரொம்பப் பெரிதாக இருப்பது, புற்றுநோய் சந்தேகம் போன்ற சில சூழ்நிலைகளில் மட்டும். ஓட்டை முன்சிறுகுடலில் இல்லாமல் இரைப்பையில் இருந்தால், விளிம்பிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது முக்கியம். இரைப்பைப் புண்களில் சில, புற்றுநோயாக இருக்கக்கூடும்.

ரத்தக்கசிவு பற்றிச் சுருக்கமாக. புண் இருக்கும் இடத்தைப் பொறுத்துத்தான் விளைவு. முன்சிறுகுடலின் முன்சுவரில் இருக்கிற புண் துளைத்தால் வயிற்று அறைக்குள் வெடிக்கும். பின்சுவரில் இருந்தால் அங்கே ஓடுகிற பெரிய ரத்தக்குழாயை அரிக்கும். தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக மலம் போவதும், காபித்தூள் மாதிரி வாந்தி எடுப்பதும் இதன் அடையாளங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதனால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இப்போது பெரும்பாலும் எண்டோஸ்கோபி வழியாகவே ஊசி போட்டு, கிளிப் மாட்டி அல்லது சூடு வைத்து ரத்தத்தை நிறுத்திவிடுகிறார்கள். அதிலும் நிற்காவிட்டால், ரத்தக்குழாய் வழியாக அடைப்பார்கள் அல்லது ஆபரேஷன். பாதை அடைத்துப்போனால்? நேற்று சாப்பிட்ட சோறு இன்று வாந்தியில் வரும். முதலில் மருந்தும் பலூனால் விரிவாக்குவதும். முடியாவிட்டால் நெய்யூரில் செய்த அதே பைபாஸ்.

பிழைப்பது யார்?

1987-ல் ஹாங்காங்கில் போயி என்ற சர்ஜன் மூன்று கேள்விகளை முன்வைத்தார். நோயாளிக்கு வேறு பெரிய நோய் இருக்கிறதா? ஆபரேஷனுக்கு முன்பே ரத்த அழுத்தம் விழுந்துவிட்டதா? வெடித்து 24 மணி நேரம் தாண்டிவிட்டதா? அவருடைய ஆய்வில் மூன்றுக்குமே 'இல்லை' என்றிருந்தவர்களில் யாரும் இறக்கவில்லை. மூன்றுக்குமே 'ஆமாம்' என்றிருந்தவர்களில் யாரும் பிழைக்கவில்லை. அதற்குப் பின் சிகிச்சை எவ்வளவோ முன்னேறிவிட்டது. இருந்தும், டென்மார்க் ஆய்வில் நான்கில் ஒருவருக்கு மேல் 30 நாள்களுக்குள் இறந்துபோயிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே வேறு நோய்களும் இருந்தன. வேறு நோய் இல்லாமல், சீக்கிரம் வந்துவிடும் இளைஞருக்கு நிலைமை எவ்வளவோ நல்லது. வயதையும் மற்ற நோய்களையும் உங்களால் மாற்ற முடியாது. மூன்றாவது கேள்விக்கான பதில் மட்டும் உங்கள் கையில்.

ஆபரேஷன் முடிந்து முதல் சில நாள்கள் மூக்கு வழியாகக் குழாய், வயிற்றில் ஒரு வடிகுழாய், கையில் டிரிப்ஸ். குடல் சத்தம் திரும்பி, காற்று பிரிந்தால் நல்ல செய்தி. சீக்கிரம் எழுந்து நடக்கச் சொல்வார்கள். வலித்தாலும் நடக்க வேண்டும், மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும். படுத்தே இருந்தால் நுரையீரலில் சளி கட்டும். சிக்கல் இல்லாவிட்டால் ஒரு வாரம், பத்து நாளில் வீடு. ஒட்டு கசிவது, உள்ளே சீழ் கட்டுவது, தையலில் சீழ் பிடிப்பது ஆகியவைதான் டாக்டர்கள் பயந்து கவனிக்கும் சிக்கல்கள். திறந்து செய்த ஆபரேஷன் என்றால் கனமான பொருள்களைத் தூக்குவதைச் சில வாரங்களுக்குத் தள்ளிப்போடுங்கள். ஜிம்முக்கு எப்போது போகலாம் என்பதை சர்ஜனிடமே கேளுங்கள், இன்ஸ்டாகிராமில் அல்ல.

தையல் பிரித்தாச்சு, வலி இல்லை, சாப்பிட முடிகிறது. எல்லாம் முடிந்ததா?

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். கிரகாம் பேட்ச் ஓட்டையை அடைத்தது, அவ்வளவுதான். ஓட்டை விழக் காரணமான பாக்டீரியா உள்ளே இருந்தால், அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது. 2000-த்தில் ஹாங்காங் சர்ஜன்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அல்சர் வெடித்து ஒட்டுப்போட்ட, ஹெச்.பைலோரி இருந்த நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கிருமியை ஒழிக்கும் சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், கிருமியை ஒழித்தவர்களில் 4.8 சதவிகிதம் பேருக்குத்தான் அல்சர் திரும்பியிருந்தது. ஒமிப்ரசோல் மட்டும் சாப்பிட்டவர்களில் 38.1 சதவிகிதம் பேருக்கு!

ஒரே மாதிரி ஓட்டை, ஒரே மாதிரி ஒட்டு. வித்தியாசம் ஒரு கோர்ஸ் மாத்திரை மட்டும்.

ஆகவே, டிஸ்சார்ஜ் ஆகும் அன்று சர்ஜனிடம் கேட்க வேண்டியது, "எனக்கு ஹெச்.பைலோரி டெஸ்ட் பண்ணியாச்சா?" என்பதுதான். அவசர ஆபரேஷன் பரபரப்பில் அது விட்டுப்போவது சகஜம். பரிசோதனையில் இருப்பது தெரிந்தால் ஆன்டிபயாட்டிக்குகளும் அமிலக் குறைப்பு மாத்திரையும் சேர்த்து பொதுவாக 14 நாள். வாய் கசக்கும், வயிறு கலக்கும், ஐந்தாம் நாள் 'போதும்' என்று தோன்றும். பாதியில் விட்டால் கிருமி சாகாது, அந்த மருந்துக்குப் பழகிவேறு போகும். முடித்து நான்கு வாரமாவது கழித்து மூச்சுப் பரிசோதனையோ, மலப் பரிசோதனையோ செய்து கிருமி போய்விட்டதா என்று உறுதிசெய்ய வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பே ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரைகளை டாக்டரைக் கேட்டு நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால், கிருமி இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வரலாம். இரைப்பைப் புண் என்றால் சில வாரம் கழித்து எண்டோஸ்கோபி செய்து ஆறிவிட்டதா என்று நேரிலேயே பார்த்துவிடுவார்கள்.

கிருமி இல்லை, வலி மாத்திரைதான் காரணம் என்றால்? அந்த மாத்திரையைத்தான் நிறுத்த வேண்டும். முதுகு வலி, தலைவலி, பீரியட்ஸ் வலி என்று மெடிக்கல் ஷாப்பில் பெயர்கூடக் கேட்காமல் மாத்திரை வாங்குகிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அல்சர் வந்தவர்கள் எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராகவே இருந்தாலும், முதல் வரியாக இதைச் சொல்லிவிடுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடும் பெரியவர்கள் மட்டும் தாங்களாக நிறுத்தக் கூடாது. டாக்டர்தான் முடிவெடுக்க வேண்டும். சிகரெட் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. நிறுத்துங்கள்.

அந்தப் பாயச மயக்கம்

இப்போது பெரியப்பாவிடம் திரும்புவோம். முழு இரைப்பை இருப்பவருக்கு, சாப்பிட்டது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிறுகுடலுக்குள் இறங்கும். வாசலில் ஒரு காவலாளி இருப்பது மாதிரி. பழைய ஆபரேஷன்களில் அந்தக் காவலாளியை வெட்டிவிட்டார்கள், அல்லது பக்கத்தில் வேறு கதவைத் திறந்துவிட்டார்கள். இனிப்பான பாயசம் மொத்தமாகச் சிறுகுடலில் கொட்டும். அதை நீர்க்கச் செய்ய ரத்தத்திலிருந்து தண்ணீர் குடலுக்குள் பாயும். வியர்வை, படபடப்பு, தலைசுற்றல், வயிற்றுப்போக்கு. இதற்குப் பெயர் டம்பிங். சிலருக்கு இரண்டு மணி நேரம் கழித்து, சர்க்கரை சட்டென்று இறங்கியும் இதே மாதிரி வரும்.

உங்கள் வீட்டில் அந்தத் தழும்போடு ஒருவர் இருந்தால், இதைக் கவனியுங்கள். மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிடுவதைவிட ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது அவருக்கு ஒத்துவரும். இனிப்பும் சர்க்கரை போட்ட பானங்களும் குறைவாக. சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் வேண்டாம். அரை மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். "சாப்பிட்ட உடனே ஏன் படுக்கிறீங்க?" என்று அதட்டாதீர்கள்.

இரைப்பையின் ஒரு பகுதி இல்லாதவர்களுக்கு இரும்புச்சத்தும் பி12-ம் சரியாகச் சேராது. உடலில் இருக்கும் பி12 இருப்பு கரைய வருடங்கள் ஆகும் என்பதால், ஆபரேஷன் செய்து வெகுகாலம் கழித்துத்தான் குறைபாடு வெளியே தெரியும். சோர்வு, பாதத்தில் மதமதப்பு, தடுமாறும் நடை, மறதி... "வயசாயிடுச்சு" என்று எல்லோரும் கடந்துபோவதற்கு வசதியான அறிகுறிகள். கால்சியம் குறைந்து எலும்பும் தேயலாம். இன்னொன்று, பல வருடங்கள் கழித்து அந்த மிச்ச இரைப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். புதிதாகப் பசியின்மையோ, எடை குறைவோ, ரத்தசோகையோ வந்தால் எண்டோஸ்கோபி பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

பெரியப்பாவுக்குப் பாதம் மதமதக்க ஆரம்பித்தபோது அவரைப் பார்த்த டாக்டர்கள் சுகர் டெஸ்ட் எடுத்தார்கள், முதுகெலும்புக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நான்காவதாகப் போன ஒரு இளம் டாக்டர்தான் சட்டையைத் தூக்கச் சொல்லி, அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு, "இது எப்போ செஞ்சதுங்க ஐயா?" என்று கேட்டார். பி12 ஊசி போட ஆரம்பித்து மூன்று மாதத்தில், கைத்தடி இல்லாமல் டீக்கடை வரைக்கும் போய் வந்தார். டீயில் சர்க்கரை மட்டும் அரை ஸ்பூன்.